சீதன உறுதியின் திகதி

எந்த உறுதி கைக்கு வந்தாலும் முதலில் திகதியைத்தான் பார்ப்பேன். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், நான்கெல்லை, பரப்பு எல்லாம் அதற்குப் பிறகு. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் கடன் வழக்கு நடத்துகிற எவருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். காசோலை திரும்பியது எப்போது, மகளுக்குச் சீதன உறுதி முடித்தது எப்போது? இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாட்களில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

சீதனம் என்றதும் வெளியூர்க்காரருக்கு வேறு எண்ணம் வரும். எங்கள் வாவிக்கரையில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவிலோ அடுத்த வளவிலோ சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு இளையவளோடு போய்விடுவார்கள். தமிழரிடமும் இப்படித்தான், காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களிடமும் இப்படித்தான். முக்குவர் சட்டம் என்று ஒன்று இங்கே நடைமுறையில் இருந்தது. முதுசச் சொத்து தாய்வழியே, சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பிரிட்டோ என்பவர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதி வெளியிட்டது 1876இல். அதே வருடம்தான் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. அந்த வழமை நீதிமன்றத்தில் மெல்ல மறைந்தது. ஆனால் வீடு பெண்ணோடு போகிற வழக்கத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க, மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டமும் சேர்ந்ததால், கணவன் பட்ட கடனுக்கு மனைவியின் வீட்டில் ஒருவரும் கைவைக்க முடியாது.

சண்டைக் காலத்தில் புருஷனைப் பறிகொடுத்த எத்தனையோ பெண்கள் நடுத்தெருவுக்கு வராமல் தப்பியது இந்த ஒரு உரிமையால்தான். அந்த உறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை நான் மறக்கவில்லை. அதனால்தான், கடனிலிருந்து தப்ப ஒருவர் தன் மகளின் பெயரைத் திரையாகப் பிடிக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர் ஏமாற்றுவது கடன் கொடுத்தவரை மட்டுமல்ல. ஒரு கள்ளச் சீதன உறுதி நீதிமன்றத்தில் அம்பலமானால், அடுத்து வருகிற பத்து நல்ல சீதன உறுதிகளையும் நீதிபதி சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

வங்குரோத்து என்றால் எல்லாம் போய்ச் சந்தியில் நிற்பது என்றுதான் சனம் நினைக்கிறது. சட்டத்தில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். உள்ளதையெல்லாம் ஒளிக்காமல் நீதிமன்றத்தின் முன் வை, கடன் கொடுத்தவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ளட்டும், மிச்சத்திலிருந்து உன்னை விடுவிக்கிறோம் என்கிறது சட்டம். இலங்கையில் இதற்கென்று 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 1849இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின் அச்சுத்தான் அது. கடன்பட்டவரைச் சிறையில் போடுகிற காலம் அது. மனுப் போட்டவருக்குக் கைதாகாமல் காப்புக் கிடைக்கும். சொத்து முழுவதும் ஒரு பொறுப்பாளரின் கைக்குப் போகும். கடன் கொடுத்தவர்கள் அமர்வுக்கு வந்து தங்கள் கடனை நிரூபிப்பார்கள். கடன்பட்டவரைக் கூட்டில் ஏற்றி விசாரிப்பார்கள். கடைசியில், சட்டத்துக்கு இணங்கி நடந்தார் என்று ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழில் மூன்று தரம் இருந்தது. தவிர்க்க முடியாத நட்டத்தால் நொடித்தவருக்கு முதலாம் தரம். நட்டமும் தன் பிழையும் கலந்தவருக்கு இரண்டாம் தரம். முழுக்கத் தன் நடத்தையாலேயே நொடித்தவருக்கு மூன்றாம் தரம். ஒருவர் எப்படி விழுந்தார் என்பதைச் சான்றிதழே ஊருக்குச் சொல்லிவிடும்.

அந்த இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. ஒரே நாளில் சூதில் 20 பவுணோ ஒரு வருடத்தில் 200 பவுணோ தோற்றவர், கணக்குப் புத்தகத்தைக் கிழித்தவர், பொய்யாகத் திருத்தியவர், சொத்தை மறைத்தவர், இல்லாத கடனை இருப்பதாக ஒருவர் நிரூபிக்கும்போது தெரிந்தும் வாய்பொத்தி இருந்தவர், இவர்களுக்கெல்லாம் சான்றிதழ் இல்லை. வாங்கியிருந்தாலும் அது செல்லாது. வாங்கியிருந்தாலும் என்ற அந்தச் சொல்லில்தான் என் தொழிலின் உயிர் இருக்கிறது. விடுதலை கிடைத்துவிட்டது, இனி ஒருவரும் கேட்க முடியாது என்று நிமிர்ந்து நடக்கிறவரையும் சட்டம் திரும்பக் கூப்பிடலாம்.

என்னைத் தொழிலுக்குப் பழக்கியவர் பழைய பிரக்கிராசி. 1973இல் வந்த நீதி நிருவாகச் சட்டம் பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவை எடுத்துவிட்டு எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியபோது அவருக்கு நரை விழுந்துவிட்டது. புளியந்தீவில் கோட்டைக்குப் பக்கத்து ஒழுங்கையில் அவருடைய கந்தோர். வங்குரோத்து வழக்குகள் சிலவற்றை அவர் இளமையில் நடத்தியிருக்கிறார். புடவை வியாபாரி ஒருவர் இரண்டாம் தரச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன கதையை அடிக்கடி சொல்வார். கடைசி விசாரணையில் அந்த மனிதர் கண்ணீர் விட்டாராம். கடன் கொடுத்தவர்களே இரங்கி எதிர்ப்பைக் கைவிட்டார்களாம். பிறகு கல்முனையில் ஒரு சொந்தக்காரரின் களஞ்சியத்தில் புடவைப் பொதிகள் இருப்பது வெளியே வந்தது. கூலிக்கு இறக்கியவன் ஒருவன் கூலித் தகராறில் வாயைத் திறந்துவிட்டான். பொதிகளின் மேல் இருந்த இலக்கங்கள் பொறுப்பாளரிடம் ஒப்படைத்த கொள்வனவுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாகக் கிடந்தன. புத்தகத்தில் வந்த சரக்கு, சொத்துப் பட்டியலில் இல்லை. சான்றிதழ் போயிற்று, பழைய கடன் அத்தனையும் எழுந்து நின்றது. ஒளிக்கிறவர் எல்லா இடத்திலும் ஒளிக்க மாட்டார் பிள்ளை, ஏதோ ஒரு தாளில் உண்மையை விட்டுவிடுவார், அந்தத் தாளைத் தேடு என்பார் ஐயா.

என் காலத்தில் வங்குரோத்து மனு மிக அருமை. வர்த்தமானியில் பெயர் வரும், ஊருக்குத் தெரியும், பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்ற பயம். அதனால் இங்கே நொடித்தவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் நொத்தாரிசிடம் போவார். தனக்குத் தானே விடுதலை எழுதிக்கொள்கிற வழி அது. சொத்தை மகளுக்கோ மருமகனுக்கோ மைத்துனருக்கோ மாற்றிவிட்டால், தீர்ப்பு எடுத்து வருகிறவருக்குப் பிடிப்பதற்கு எதுவும் இராது. அந்த மாற்றத்தை உடைக்க உரோமன் டச்சுச் சட்டம் எங்களுக்கு ஒரு கருவி தந்திருக்கிறது. பவுலியன் வழக்கு என்போம். உரோமச் சட்டத் தொகுப்பிலிருந்து வருவது. கடன் கொடுத்தவரை ஏய்க்கும் எண்ணத்தோடு மாற்றினாரா, மாற்றியபின் கடனைத் தீர்க்க வகையில்லாமல் போனதா, அதனால் உண்மையிலேயே நட்டம் வந்ததா என்று காட்டவேண்டும். சும்மா கொடுத்த நன்கொடையாக இருந்தால், வாங்கியவருக்குச் சூது தெரியுமா என்ற கேள்வி இல்லை. விலை கொடுத்து வாங்கியிருந்தால், அவருக்கும் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். சீதன உறுதியில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி முதலில் சொல்வது இதுதான்: கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்தது வெறும் நன்கொடை அல்ல, பெறுமதி உள்ளது. நல்ல சீதனத்துக்கு அது நியாயமான வாதம். நானே பல தடவை அதை எடுத்திருக்கிறேன். கலியாணமே இல்லாத சீதனத்தை என்ன செய்வது?

ஒரு நெல் ஆலைக்காரரின் வழக்கை விரிவாகச் சொல்கிறேன். வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. இது அதற்கு முந்திய காலம். அந்தப் பக்கம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த விவசாயிகள், பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் கிழக்கே எழுவான்கரைக்கு வரவேண்டும். மாரிப்போக அறுவடை முடிந்ததும் லொறி வயல் வாடிக்கே போய் நெல்லை ஏற்றிக்கொண்டு வரும். கையில் ஒரு துண்டு, சிலருக்குப் பின்திகதியிட்ட காசோலை. சித்திரை வருடப் பிறப்புக்கு முன் காசு என்பது பேச்சு. அந்த வருடம் துண்டுகளுக்குக் காசு வரவில்லை. காசோலைகள் திரும்பின. ஆலைக்காரர் நெல் விலை விழுந்துவிட்டது, நான் அழிந்துபோனேன் என்று எல்லோரிடமும் சொன்னார். விலை விழுந்தது உண்மைதான்.

வந்தவர்களில் மூத்தவர் ஒருவர், தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மகள், அந்த மனிசன் கெட்டுப்போனதெண்டா நாங்க பொறுப்பம். எங்களுக்கும் வெள்ளாம அழிஞ்சிருக்கு, கடனுக்கு நிண்டிருக்கம். ஆனா ஆல இன்னமும் ஓடுதே. ஆரிட நெல்லு அது?"

தீர்ப்பு எடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை. காசோலைகள் இருந்தன. தீர்ப்பை நிறைவேற்றுகிற அதிகாரியான பிஸ்கால், றிட் என்கிற கைப்பற்றும் கட்டளையோடு ஆலைக்குப் போனபோதுதான் விஷயம் வந்தது. காணியும் ஆலைக் கட்டடமும் மகளின் பெயரில். மகளின் சார்பில் உரிமை கோரி மனு. அந்த விசாரணையில் நீதிமன்றம் பார்ப்பது, கைப்பற்றிய நாளில் சொத்து யார் கையில் இருந்தது, யாருக்கு அதில் உரித்து இருந்தது என்பதைத்தான். உறுதி அவள் பெயரில் இருந்ததால் கோரிக்கை வென்றது. அப்படி வென்றால் கடன் கொடுத்தவருக்கு 14 நாள்தான். அதற்குள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 247ஆம் பிரிவின் கீழ் தனி வழக்கு வைக்கவேண்டும். அந்த நாட்கள் முழுவதும் நான் காணிப் பதிவகத்தில்தான் இருந்தேன்.

பதிவகத்தின் பெரிய புத்தகங்களில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு தாள் இருக்கும். ஈடு வைத்தது, மீட்டது, விற்றது எல்லாம் வரிசையாக ஏறியிருக்கும். இந்தத் தாளில் கடைசி வரி, சீதன உறுதி. முதல் காசோலை திரும்பி மூன்று வாரத்தில் முடித்தது. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் தான் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். அந்தப் பிரதியை எடுத்து வாசித்தேன். மகளுக்கு நடக்கவிருக்கும் திருமணத்தை முன்னிட்டு என்று எழுதியிருந்தது. நன்கொடையை ஏற்றுக் கையெழுத்து வைத்தவர் தாய்மாமன், ஏனென்றால் மகள் பராயம் அடையவில்லை. அவள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் பெயர் உறுதியில் எங்கும் இல்லை. தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து ஒதுக்கியிருந்தது. அதோடு, ஆலையை நடத்துகிற அதிகாரமும் தகப்பனுக்கே என்று ஒரு வரி. எங்கள் ஊரில் வீட்டைச் சீதனம் கொடுத்த தகப்பன் அந்த வீட்டின் திறப்பைக்கூட வைத்திருக்க மாட்டார். ஆலையைக் கொடுத்தவர் ஆலையை நடத்துகிறார்.

விசாரணையில் மின்சாரப் பட்டியல்கள், பிரதேச சபை உரிமப் பத்திரம், உமி விற்ற பற்றுச்சீட்டுகள் எல்லாம் தகப்பன் பெயரிலேயே வந்தன. தாய்மாமனைக் கூட்டில் ஏற்றிக் கேட்டேன்: கலியாணம் ஆரோட பேசினது? அவருக்கு விடை இல்லை. மகளும் சாட்சிக்கு வந்தாள். வழக்கு இழுபட்டதில் அவள் வளர்ந்துவிட்டாள். அவளைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு மனமே இல்லை. இரண்டே கேள்வி கேட்டேன். அந்த உறுதியை வாசித்தீரா? இல்லை. அது எங்கே இருக்கிறது? "வாப்பாட அலுமாரியில" என்று மெதுவாகச் சொன்னாள். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். உறுதி ரத்தானது. மேன்முறையீடு சில வருடம் தின்றது. கடைசியில் பிஸ்கால் ஏலம் போட்டு, தீர்ப்பு எடுத்தவர்களுக்கு விகிதப்படி காசு பங்கிட்டோம். வழக்கு வைக்க வசதியில்லாமல் துண்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. விகிதப் பங்கு தீர்ப்புக் கையில் உள்ளவர்களுக்குத்தான். அந்தத் துண்டுகளை என் கண்ணால் பார்த்தேன், இன்றைக்கும் மனம் ஆறவில்லை. நீதிமன்றம் வரை வர முடிந்த ஏழையும் வர முடியாத ஏழையும் ஒரே நெல்லைத்தான் கொடுத்தார்கள்.

காணியை மறைத்தால் பதிவகம் காட்டிக்கொடுக்கும். மாட்டை மறைத்தால் மாடே காட்டிக்கொடுக்கும். படுவான்கரைப் பக்கம் பட்டிக்காரர் ஒருவர், தீர்ப்பு வந்ததும் பட்டி முழுவதையும் மருமகனுக்கு விற்றுவிட்டேன் என்றார். விற்றதற்கு ஒரு கடதாசி எழுதி, சாட்சியும் போட்டிருந்தார்கள். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி மாடு கைமாறினால் வவுச்சர் மாறவேண்டும், அது மாறவில்லை. அதைவிடப் பெரிய சாட்சி மாட்டின் தொடையில் இருந்தது. இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறி உண்டு. கன்று வளர்ந்ததும் இரும்பைக் காய்ச்சிச் சுடுவார்கள், அந்தக் குறியைப் பார்த்தால் எந்தப் பட்டி என்று மேய்க்கிற பையனே சொல்வான். பிஸ்காலோடு மேய்ச்சல் தரைக்குப் போனபோது மேய்ப்பவர் ஒரு கன்றின் கழுத்தில் கயிற்றைப் போட்டுப் பிடித்துக் காட்டினார். மயிர் இன்னும் முளைக்காத புண், ஓரத்தில் பொருக்கு. விற்றதாகச் சொன்ன திகதிக்குப் பிறகு பிறந்த கன்று. தொடையில் இருந்ததோ மாமனின் குறி.

நானூறு வருடத்துக்கு முந்தி இங்கிலாந்தில் இதே கதை நடந்திருக்கிறது. ட்வைன் வழக்கு என்று நாங்கள் கல்லூரியில் படித்தது, 1601ஆம் ஆண்டில் நடந்தது. பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுண் கடன், இன்னொருவருக்கு 200 பவுண் கடன். இன்னொருவரின் வழக்கு நடக்கும்போதே உள்ளதையெல்லாம் ட்வைனுக்கு இரகசியமாக எழுதிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஆடுகளைத் தானே வைத்திருந்தார், தானே மயிர் கத்தரித்தார், தன் குறியையே போட்டார். நீதிபதிகள் ஏமாற்றின் அடையாளங்கள் என்று பட்டியல் போட்டது அந்த வழக்கில்தான். முழுச் சொத்தையும் கொடுப்பது, கொடுத்தபின்னும் தானே ஆளுவது, இரகசியமாகச் செய்வது, வழக்கு நடக்கும்போது செய்வது. மேய்ச்சல் தரையில் அந்தக் கன்றின் புண்ணைப் பார்த்தபோது, கல்லூரியில் பாடமாக்கிய பட்டியல் கண்முன்னால் நின்றது. மேய்ப்பவர் எழுத்தறியாதவர். ஆனால் நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியம்போல் தெளிவான சாட்சியத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

மறைக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியில் தென்னந்தோட்டம் முழுவதும் சரிந்த ஒருவர், ஐயாவிடம் வந்து மனைவியின் காதுத் தோடுவரை பட்டியல் எழுதிக் கொடுத்தாராம். மனைவியின் தோடு உமது கடனுக்குச் சேராது என்று ஐயா அடித்துவிட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கம் வள்ளத்தையும் வலையையும் இழந்த சம்மாட்டி ஒருவரோடு நானே வங்கிக்குப் போனேன். மிஞ்சிய ஒரு எஞ்சினையும் அவர் மேசையில் எழுதி வைத்தார். இப்படிப்பட்டவர்களிடம் கடன் கொடுத்தவரே இறங்கி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சட்டமும் இரக்கம் இல்லாதது அல்ல. உடுப்பு, படுக்கை, தொழில் கருவி, விவசாயியின் கலப்பை, அவசியமான மாடு, விதைநெல் எதையும் பிஸ்கால் தொடக்கூடாது. அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியையும் தீர்ப்புக்காக ஏலம் போட முடியாது. இத்தனை காப்பு இருக்கும்போதும் மறைக்கிறவர் தேவைக்காக மறைக்கவில்லை.

நுண்கடன் வாங்கிய பெண்களை நினைத்தால், மறைக்கிறவருக்கும் மறைக்காதவருக்கும் உள்ள இந்த வேற்றுமை இன்னும் வலிக்கிறது. ஒரு கடனை அடைக்க மறு கடன், அதை அடைக்க இன்னொன்று. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2018இல் அறிவித்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியும் எதையும் மறைக்க வழி கேட்டு என்னிடம் வந்ததில்லை. தவணைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டுத்தான் வந்தார்கள்.

பிறகு வெளிநாட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. டொரொன்டோவிலிருந்து ஒரு வங்குரோத்துப் பொறுப்பாளரின் சட்டத்தரணி எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அங்கே வங்குரோத்து ஆகி விடுதலையும் பெற்றுவிட்டார். கனடாவில் முதல் தடவை வங்குரோத்தானவருக்கு, மேலதிக வருமானமும் எதிர்ப்பும் இல்லாவிட்டால் 9 மாதத்தில் விடுதலை தானாகவே கிடைக்கும். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் சொத்து இருந்தாலும் பட்டியலில் சொல்லவேண்டும். சொல்லாமல் ஏய்த்துப் பெற்ற விடுதலையை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம் என்று அவர்களின் சட்டத்தில் 180ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான், 727ஆம் பிரிவு. ஏமாற்றியது விடுதலைக்குப் பிறகுதான் தெரிய வந்தது என்று காட்ட வேண்டும், ஒரு வருடத்துக்குள் கேட்கவும் வேண்டும். இங்கிலாந்து விடுதலையை அப்படியே விட்டுவிட்டு, நடத்தை கெட்டவருக்கு 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடு போடுகிறது. எனக்குக் கனடாவின் வழிதான் நியாயமாகப் படுகிறது. பொய் சொல்லி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

காணிப் பதிவகத்தில் யாரும் கட்டணம் கட்டித் தேடலாம். தேடினேன். கல்லடியில் ஒரு மாடி வீடு. அவர் வங்குரோத்தாவதற்கு முன், தாயின் பெயரில் வாங்கியது. விடுதலை வந்த சில மாதத்தில் தாய் அதை மகனுக்கே நன்கொடையாக முடித்திருந்தார். வாங்கிய உறுதியின் சான்றுரையில், பணம் மகன் அனுப்பி வங்கி மூலம் வந்தது என்று நொத்தாரிசு நேர்மையாக எழுதி வைத்திருந்தார். ஐயா சொன்ன அந்தத் தாள் இதுதான். ஒருவர் மற்றவரின் நன்மைக்கென்று இல்லாமல் காசு கொடுத்து மற்றவர் பெயரில் வாங்கினால், கொடுத்தவருக்காகவே மற்றவர் அதை வைத்திருக்கிறார் என்று 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. உறுதிகளின் பிரதிகளோடு இந்தச் சட்டத்தையும் சத்தியக் கடதாசியில் எழுதி அனுப்பினேன்.

தாய் என் கந்தோருக்கு வந்தார். எனக்குத் தூரத்து முறையில் மாமி. "என்ன புள்ள, நம்மட ஊருப் புள்ளைக்கு எதிரா நீ எழுதலாமா?" என்று கேட்டார். நான் கோபிக்கவில்லை. மகனுக்கு அங்கே கடன் கொடுத்தவர்கள் பட்டியலைக் காட்டினேன். வங்கிகளுக்குக் கீழே, சீட்டுக்குக் காசு கட்டிய பெண்களின் பெயர்கள். பாதிப் பேர் எங்கள் ஊர், இரண்டு பேர் மாமியின் தெரு. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து கட்டிய காசு. மாமி பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "இவ ஆரு, கனகத்தாட மகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். விடுதலை ரத்தானது, வீடு விலைப்பட்டது, அந்தப் பெண்களுக்கு ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. மாமி ஆரையம்பதியில் மகள் வீட்டில் இருக்கிறார். என்னோடு கதைக்கிறார்.

வழக்கில் உடைப்பதைவிட, கள்ள உறுதி எழுதாமல் இருப்பது லேசு. நொத்தாரிசாகவும் இருப்பதால் அது என் கையிலும் இருக்கிறது. சீதன உறுதி முடிக்க வருகிறவர்களிடம் கலியாணம் எப்போது, மாப்பிள்ளை யார், ஆருக்கெல்லாம் கடன், கொடுத்தபின் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்பேன். விடை தடுமாறினால் எழுத மாட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கந்தோருக்குப் போவார்கள், போகட்டும்.

வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு தகப்பன் வந்தார். ஆவணியில் மகளுக்குக் கலியாணம், வீட்டையும் வளவையும் எழுதவேண்டும். உரக்கடைக்காரருக்குப் பெரிய கடன் இருக்கிறது என்று கேட்காமலே சொன்னார். கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். இருவரும் வந்தார்கள். மூன்று பேரும் இருந்து கதைத்தோம். வீடு மகளுக்கு, கடனுக்கு ஈடாக வயலில் இரண்டு ஏக்கர், மாரி அறுவடைவரை தவணை. ஈட்டு உறுதியை முதலில் முடித்தேன், சீதன உறுதியை அதற்குப் பிறகு, ஒரே நாளில், அடுத்தடுத்த இலக்கத்தில். காணி உறுதிக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். சீதன உறுதிக்கு ஒரு சாட்சிதான் இருந்தார். மற்றச் சாட்சியாக அந்த உரக்கடைக்காரரே பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.